கனகசபாபதியர் காட்டுக்குச் சாமான் கட்டிய கதை

உடுப்பிட்டிக் கனகசபாபதியருக்கு டெங்குக் காய்ச்சல் வந்தபோது நேத்திக்கடன் வைத்தவர் அவருடைய மனைவி ஞானாம்பிகை. நேத்தியை நிறைவேற்ற வேண்டிய கால்கள் மட்டும் கனகசபாபதியருடையவை. "முருகா, இந்த மனிசனை எழுப்பித் தா. சந்நிதியிலையிருந்து கதிர்காமம் மட்டும் நடந்து வருவார்" என்று ஆசுப்பத்திரி வாசலில் நின்று ஞானாம்பிகை சொன்ன நேரத்தில், நடக்கப்போகிறவர் உள்ளே சேலைன் ஏறியபடி நினைவில்லாமல் கிடந்தார். அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்க வசதிப்படவில்லை. காய்ச்சல் விட்டு, கஞ்சி குடித்து, கதிரையில் சாய்ந்து பேப்பர் வாசிக்கும் அளவுக்குத் தெம்பு வந்தபிறகுதான் தன் கால்கள் கடவுளுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிற செய்தி அவருக்குத் தெரிந்தது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமெல்லே?"

"கேட்டிருந்தால் நீங்கள் யோசிச்சு முடிக்கிறதுக்கிடையிலை காரியம் முடிஞ்சிருக்கும்" என்றார் ஞானாம்பிகை.

தொண்டைமானாற்றுச் சந்நிதி கோவில் உடுப்பிட்டியிலிருந்து கூப்பிடு தூரம். கதிர்காமம் இலங்கையின் மற்றத் தொங்கல், தெற்குக் கோடி. ஒவ்வொரு வருசமும் சந்நிதியிலிருந்து வேலோடு புறப்படும் அடியார்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கிழக்குக் கரையோரமாக வாரக்கணக்கில் நடந்து, கடைசியில் உகந்தையில் காட்டுக்குள் இறங்கி மறுபக்கம் கதிர்காமத்தில் வெளியே வருவார்கள். அந்தத் தூரத்தை நினைத்துக் கனகசபாபதியர் பயந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. அவரே சொல்லுவார்: "நடக்கிறதிலை எனக்கொரு பிரச்சினையுமில்லை. சாமான்தான் சரிவரவேணும்."

சாமானைப் பற்றிக் கதைக்க அவருக்குத் தகுதி இருந்தது. உத்தியோக காலம் முழுவதும் ஒரு அரசாங்கத் திணைக்களத்தின் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். மண்வெட்டி, கூடாரம், ரோச் லைற், மழைக்கோட்டு எல்லாம் அவருடைய கம்பிவலைக்குப் பின்னால் இருந்தன. அவை வெளியே போவது அவருக்குப் பிடிக்காது. வெளியே போன சாமான் பழுதாகிறது என்பது அவர் கண்டறிந்த உண்மை. வேலைத்தளத்துக்குப் போகும் தொழிலாளி வந்து மழைக்கோட்டு கேட்டால், "மழை தொடங்கீட்டுதோ?" என்பார். இன்னும் இல்லை என்றால், "அப்ப என்னத்துக்கு?" மழை தொடங்கியபிறகு தெப்பலாக நனைந்துகொண்டு வந்து கேட்டால், "நனைஞ்சாப்பிறகு என்னத்துக்கு?" அவர் ஓய்வுபெற்ற நாளில் மழைக்கோட்டுகள் எல்லாம் வந்த மடிப்புக் கலையாமல் அடுக்கில் இருந்தன. பிரியாவிடைக் கூட்டத்தில் மேலதிகாரி அதைச் சொல்லி மனமுருகிப் பாராட்டினார். அந்த மழைக்கோட்டுகளைத் திணைக்களம் ஏன் வாங்கியது என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை.

அப்படிப்பட்டவர் தனக்குத்தானே சாமான் கொடுக்கும் நிலை வந்தபோது, தன்னையும் மற்றவர்களைப் போலவே நடத்தினார். முதல் வருசம் நல்ல பை கிடைக்கவில்லை. அடுத்த வருசம் பை கிடைத்தது, சப்பாத்துச் சரிவரவில்லை. பிறகு கொரோனா வந்து, உலகமெல்லாம் வீட்டுக்குள் அடைபட்டுப் புழுங்கியபோது கனகசபாபதியர் மட்டும் முகத்தில் ஒரு தெளிவோடு அடைபட்டிருந்தார். பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற வருசம், பெற்றோல் இல்லாததால் போக முடியவில்லை என்றார்.

"நடக்கிறதுக்கு ஏனப்பா பெற்றோல்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சாமான் வாங்க நெல்லியடிக்குப் போகவேணுமெல்லே."

ஞானாம்பிகைக்கு முருகனின் முகத்தில் முழிக்க வெட்கமாகப் போய்விட்டது. வெள்ளிக்கிழமைகளில் சந்நிதிக்குப் போனால் கடன்பட்ட வீட்டுக்கு முன்னால் போகிறவர்போலத் தலையைக் குனிந்துகொண்டு கும்பிட்டுவிட்டு வந்தார். கடைசியில் சுவிஸில் இருக்கிற மகன் ஜெயதீபனைப் போனில் பிடித்து, "அப்பாவுக்கு என்ன சாமான் வேணுமோ எல்லாத்தையும் ஒரேயடியாய் அனுப்பு. இனி ஒரு சாட்டும் சொல்லக் கூடாது" என்றார்.

ஜெயதீபன் லீவு நாட்களில் மலை ஏறுகிறவன். தகப்பன் தன்னுடைய வழிக்கு வந்துவிட்டார் என்ற சந்தோசத்தில் இரண்டு பெட்டி அனுப்பினான். முதுகில் மாட்டும் பை, ஒருவர் மட்டும் படுக்கும் கூடாரம், ஊன்றிக்கொண்டு நடக்க மடங்கும் தடிகள், தண்ணீர் வடிகட்டும் குழாய், நெற்றியில் கட்டும் லைற், கரடிக்கு ஊதும் விசில், தண்ணீர் உள்ளே போகாத சப்பாத்து, உறைபனியிலும் குளிராத நித்திரைப் பை. அதோடு ஒரு தத்துவத்தையும் அனுப்பினான்.

"அப்பா, பாரம்தான் எதிரி" என்று வீடியோவில் வந்து சொன்னான். "ஒவ்வொரு கிராமும் முக்கியம். இஞ்சை ஆக்கள் பல்லு விளக்கிற பிறசின்ரை பிடியைக்கூட வெட்டிப்போட்டுத்தான் கொண்டுபோறவை."

கனகசபாபதியர் அன்றைக்கே பிறசின் பிடியை வெட்டினார். எவ்வளவு குறைந்தது என்று அறிய வீட்டில் தராசு இல்லாதபடியால், இரண்டு துண்டையும் நெல்லியடியில் தெரிந்த நகைக்கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் பவுண் நிறுக்கும் தராசில் வைத்து நிறுத்துவிட்டு, "சேதாரம் கொஞ்சம் கூடத்தான் ஐயா" என்றார். கனகசபாபதியருக்கு அந்தப் பகிடி விளங்கவில்லை. அல்லது விளங்காததுபோல வந்துவிட்டார்.

நித்திரைப் பையைச் சோளகக் காற்று அடிக்கும் ஒரு மத்தியானத்தில் பரீட்சித்துப் பார்த்தார். உள்ளே இறங்கிக் கழுத்துவரை சிப்பை இழுத்தார். அது அங்கேயே இறுகிவிட்டது. ஞானாம்பிகை குசினியிலிருந்து வந்து பார்த்தபோது, ஹோல் நடுவில் ஒரு பெரிய மயிர்க்கொட்டிப் புழு வேர்த்து விறுவிறுத்து, "இஞ்சாரும், இஞ்சாரும்" என்று முனகிக்கொண்டு உருண்டது. தேங்காயெண்ணெய் பூசித்தான் சிப்பை இறக்க வேண்டியிருந்தது. விசிலை ஊதிப் பார்த்ததில் கரடி வரவில்லை. ஒழுங்கையில் உள்ள நாய்கள் எல்லாம் படலைக்கு வந்து, யார் கூப்பிட்டது என்று பார்த்துக்கொண்டு நின்றன.

ஊரில் பேர் பரவியது. கதிர்காமத்துக்கு நடக்க யோசித்தவர்கள் எல்லாம் கனகசபாபதியரிடம் ஆலோசனைக்கு வந்தார்கள். சாமான்களை ஹோலில் பாய்விரித்துப் பரப்பி, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, "பாரம்தான் எதிரி" என்று விளங்கப்படுத்தினார். தொடக்கூடாது என்பதையும் விளங்கப்படுத்தினார். ஒரு அடி நடக்காமலே அவர் பாதயாத்திரையில் பெரிய ஆளாகிவிட்டார். அவரிடம் கேட்டுப் போனவர்களில் இரண்டு பேர் அந்த வருசமே நடந்துபோய்த் திரும்பியும் வந்துவிட்டார்கள். அவர்கள் சொன்ன பயண அனுபவங்களில் இருந்த பிழைகளையும் அவர் திருத்திக் கொடுத்தார்.

போன வருசம் ஞானாம்பிகை பேச்சுக்கே இடம் வைக்கவில்லை. சுன்னாகம், உடுப்பிட்டிப் பக்கத்து ஆட்கள் சேர்ந்து போகும் ஒரு குழுவின் தலைவர் அருட்செல்வனிடம் தானே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். புறப்படுவதற்கு முதல் நாள் கடைசித் தெரிவு நடந்தது. கனகசபாபதியர் நிலத்தில் இருந்து ஒரு சாமானை எடுத்து, கையில் வைத்துப் பாரம் பார்த்து, கண்ணை மூடி யோசித்து, பைக்குள் வைப்பார். பிறகு எடுத்து வெளியே வைப்பார். துவாய் உள்ளே போய் வெளியே வந்து, கடைசியில் பாதித் துவாயாக உள்ளே போனது.

சப்பாத்தில்தான் சிக்கல். அது அவ்வளவு வடிவான சப்பாத்து. காலில் போட்டு, பாயில் நின்று பார்த்தார். பாயை விட்டு இறங்க மனம் வரவில்லை.

"உதைப் போட்டுக்கொண்டு றோட்டிலை நடந்தால் பழுதாப்போயிடும்" என்றார்.

"அப்ப என்னத்துக்கு அவன் அனுப்பினவன்?"

"காட்டுக்கு. றோட்டிலை பாட்டாச் செருப்போடை போறன். காட்டுக்குள்ளை போய்ப் போடுறன்."

"போட்டால் சரி" என்றார் ஞானாம்பிகை. அவர் அந்த மனிதரோடு முப்பது வருசத்துக்கு மேலாகக் குடும்பம் நடத்துகிறவர்.

அடுத்த நாள் காலை, சந்நிதியில் பூசை முடிந்து வேல் எடுத்ததும், கனகசபாபதியர் நிறுத்து நிறுத்துக் கட்டிய பையை முதுகில் மாட்டி, சப்பாத்தை ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அருட்செல்வன் பட்டா என்கிற சின்ன லொறி ஒன்றைப் பின்பக்கமாக எடுத்துக்கொண்டு வந்து நிற்பாட்டினார்.

"சாமிமார், எல்லாற்றை சாமானையும் இதிலை போடுங்கோ. கையை வீசிக்கொண்டு நடவுங்கோ."

கனகசபாபதியருக்கு முதலில் விளங்கவில்லை. "முதுகிலை காவிக்கொண்டு போறதில்லையோ?"

"ஏன் காவவேணும்? வாகனம் பின்னாலை வருமெல்லே" என்றார் அருட்செல்வன். அவர் தன்னுடைய பங்குக்கு ஒரு பிளாஸ்ரிக் கதிரையையும் மேசைக் காத்தாடியையும் ஏற்றினார். மற்றவர்கள் அரிசிமூட்டை, காஸ் சிலிண்டர், தலையணை, முறுக்குத் தகரம் என்று வீட்டையே பெயர்த்துக்கொண்டு வந்திருந்தார்கள். கனகசபாபதியர் வெட்டப்பட்ட பிறசை நினைத்தார். பாதித் துவாயை நினைத்தார்.

ஆனால் அந்தத் துக்கம் கனநேரம் நிற்கவில்லை. சாமான் ஏற்றுகிற விதத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்கு இரத்தம் கொதித்தது. அரிசிக்கு மேலே மண்ணெண்ணெய்க் கான். மருந்துப் பெட்டிக்கு மேலே சிலிண்டர். "நில்லுங்கோ! நில்லுங்கோ!" என்று கத்திக்கொண்டு வாகனத்தில் ஏறினார். எல்லாவற்றையும் இறக்கி, வகைபிரித்து, அடுக்கி, தார்ப்பாயை இழுத்துக் கட்டி முடித்தபோது குழு தொண்டைமானாற்றுப் பாலம் தாண்டிவிட்டது. வாகனத்திலேயே போய்த்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

அன்றைக்கு ஏறியவர் பிறகு சரியாக இறங்கவில்லை. காலையில் கொஞ்சத் தூரம் நடப்பார். பின்னால் வருகிற வாகனத்தில் யாரோ தார்ப்பாயை இழுப்பதுபோலத் தோன்றும். ஓடிப்போய்த் தொற்றிக்கொள்வார். ஆனையிறவு தாண்டுவதற்கிடையில் அவர் குழுவின் களஞ்சியப் பொறுப்பாளர் ஆகிவிட்டார். முல்லைத்தீவில் கால் உளைவுக்குத் தைலம் கேட்டு வந்தவரிடம், "நேற்றும் தந்தனானெல்லே?" என்றார். திருகோணமலையில் அருட்செல்வனே தன் கதிரையில் இருப்பதற்கு அவரிடம் அனுமதி கேட்டார். உத்தியோகம் விட்டபிறகு கனகசபாபதியர் இவ்வளவு சந்தோசமாக இருந்ததில்லை. நேத்தி நல்லபடியாக நடக்கிறது என்று வீட்டுக்குப் போன் எடுத்துச் சொன்னார். யாத்திரையைப் பற்றிய மட்டில் அது உண்மை. நடையைப் பற்றி ஞானாம்பிகை கேட்டபோது லைன் அடிக்கடி அறுந்தது.

மட்டக்களப்பில் ஒரு புண்ணியவான் அடியார்களுக்கென்று ஒரு சாக்கு நிறையப் புதுச் செருப்புக் கொடுத்தார். கனகசபாபதியர் அதை வாங்கி, சாக்கின் வாயைக் கட்டி, அடியில் வைத்தார். பொத்துவிலுக்குப் பக்கத்தில், குழுவில் இருந்த துஷாந்தினி அவரிடம் வந்தார். சுன்னாகத்தில் தையல் படிப்பிக்கிறவர். சந்நிதியிலிருந்து ஒரு அடிகூட வாகனத்தில் ஏறாமல் நடந்துகொண்டிருந்தவர்.

"ஐயா, ஒரு சோடி செருப்புத் தாருங்கோ. உது தேஞ்சு போச்சு."

கனகசபாபதியர் செருப்பைக் கழற்றச் சொல்லித் திருப்பிப் பார்த்தார். "ஒரு பக்கம்தானே தேஞ்சிருக்கு."

"மற்றப் பக்கத்திலை பட்டி விடப்பாக்குது ஐயா."

"இன்னும் விடேல்லைத்தானே. விட்டாப்பிறகு வாரும், பாப்பம்."

துஷாந்தினி அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

உகந்தைக்கு வந்ததும் நிலைமை மாறியது. காட்டுப் பாதையில் வாகனம் கொண்டுபோக முடியாது என்றும், பட்டா றோட்டால் சுற்றிக் கதிர்காமத்துக்கு வரும் என்றும், இனி அவரவர் தேவையானதை அவரவர் காவ வேண்டும் என்றும் அருட்செல்வன் அறிவித்தார். அதைச் சொல்லும்போது அவருடைய கை கதிரையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது.

கோவில் வெளியில் எல்லோரும் தங்கள் மூட்டைகளை அவிழ்த்துப் போட்டுக் கடைசித் தெரிவைச் செய்தார்கள். தலையணை வாகனத்தில் நின்றது, முறுக்குத் தகரம் நின்றது. அவலும் சர்க்கரையும் தண்ணீர்ப் போத்தலும் மாற்றுடுப்பும் பைக்குள் போயின. கனகசபாபதியர் மட்டும் அசையவில்லை. அவருடைய பை எப்போதோ முடிவானது. மகன் அனுப்பிய சாமான் எல்லாம் இதற்காகத்தானே வந்தன. மற்றவர்கள் தடுமாறுவதைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்தது. வாகனத்தின் தார்ப்பாயைத் தன் கையாலேயே இறுக்கிக் கட்டினார். செருப்புச் சாக்கு உள்ளே பத்திரமாக இருந்தது. பட்டா புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

காட்டுக்குள் முதல் நாள் சுவிஸ் சாமான்களுக்குச் சரிவரவில்லை. கலங்கல் தண்ணீரில் வைத்து இழுத்த குழாய் இரண்டு மிடறு தந்துவிட்டு அடைத்துக்கொண்டது. மற்றவர்கள் தொண்டர்கள் வைத்த தாங்கியில் போத்தலை நிரப்பிக்கொண்டு நடக்க, கனகசபாபதியர் வாய் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். கும்புக்கன் ஆற்றைக் கடக்கும்போது சாமான் பை நனையாமல் தலையில் வைத்தார். சப்பாத்துப் பையை அதற்கு மேலே வைத்தார். பாட்டாச் செருப்போடுதான் இறங்கினார். காட்டுக்குள் போய்ப் போடுவதாகச் சொன்ன சப்பாத்துக் காட்டுக்குள் வந்தபிறகும் கழுத்தில்தான் ஆடியது. நிலம் இன்னும் கொஞ்சம் துப்புரவாக வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் வெயில் உச்சிக்கு வந்த நேரம், கொதிக்கிற மணலும் முள்ளுமாகக் கிடந்த ஒரு வெளியில், துஷாந்தினியின் செருப்புப் பட்டி அறுந்தது. அவர் ஒரு பாலை மரத்தடியில் குந்தி, உள்ளங்காலில் ஏறிய முள்ளைப் பிடுங்கினார். கனகசபாபதியர் பக்கத்தில் வந்து நின்றார்.  துஷாந்தினி அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. பேசியிருந்தால் கனகசபாபதியரிடம் பதில் இருந்தது. 

அவருக்குக் கம்பிவலையும், அதற்கு அந்தப் பக்கம் தலையிலிருந்து தண்ணீர் வடிய நின்ற ஒரு முகமும் நினைவுக்கு வந்தன. அது வேறு, இது வேறு என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். வெயில் அந்த வித்தியாசத்தை யோசிக்க விடவில்லை.

பையை இறக்கினார். கூடாரத்தை விரித்தார். அருட்செல்வன், "என்ன ஐயா, இப்ப படுக்கப்போறியளோ?" என்றார். கனகசபாபதியர் சின்னக் கத்தியை எடுத்து, ஒருநாளும் கட்டப்படாத அந்தப் புதுக் கூடாரத்தின் கயிற்றை அறுத்தார். வாழ்நாளில் அவர் இன்னொருவருக்காக ஒரு சாமானைத் தெரிந்தே பழுதாக்கியது அதுதான் முதல்தடவை.  கயிற்றைச் செருப்பில் கோத்துக் கட்டிக் கொடுத்தார். துஷாந்தினி எழும்பி நடந்தார். நாலடி போகவில்லை, தேய்ந்த அடி இரண்டாகப் பிளந்தது.

எல்லோரும் நின்றுவிட்டார்கள். கனகசபாபதியர் தன் பாட்டாச் செருப்பைக் கழற்றித் துஷாந்தினிக்கு முன்னால் வைத்தார்.

"போடும் பிள்ளை."

"நீங்கள் ஐயா?"

"என்னட்டைச் சப்பாத்துக் கிடக்கு."

மணலில் இருந்துகொண்டு, பொலித்தீன் பையை அவிழ்த்து, அந்தச் சப்பாத்தைக் காலில் போட்டார். அது மணலைத் தொட்டபோது குழு முழுவதும், "அரோகரா!" என்று கத்தியது. துஷாந்தினிதான் முதலில் சிரித்தார். செருப்பு அவருடைய காலுக்குக் கொஞ்சம் பெரிது. ஆனாலும் நடக்கலாம்.

பழக்கப்படாத சப்பாத்துக் கனகசபாபதியரை அன்று பின்னேரமே கடிக்கத் தொடங்கியது. மறுநாள் இரண்டு குதியிலும் கொப்புளம். அதற்கடுத்த நாள் கொப்புளத்துக்கு மேல் கொப்புளம். மாறிப்போட ஒன்றுமில்லை, ஏறிப்போக வாகனமுமில்லை. மடங்கும் தடிகள் இரண்டும் அப்போதுதான் உதவின. அவர் முனகிக்கொண்டு நடந்தார், கூடாரத்தையும் நித்திரைப் பையையும் காவிக்கொண்டு நடந்தார், ஒருமுறை யானை நிற்கிறது என்று எல்லோரும் ஒதுங்கி நிற்க, அது தெரியாமலும் கொஞ்சத் தூரம் நடந்தார். கடைசியில் மாணிக்க கங்கை கண்ணில் பட்டதும் சப்பாத்தைக் கழற்றும் பொறுமைகூட இல்லாமல் அப்படியே இறங்கினார்.

கரையில் ஈரத்தோடு இருக்கும்போது ஜெயதீபன் போன் எடுத்தான். "எப்பிடி அப்பா சப்பாத்து? தண்ணி பிடிக்காதெல்லே?"

"நல்ல சப்பாத்து மகன்" என்றார் கனகசபாபதியர். "உள்ளை போன தண்ணி ஒரு சொட்டும் வெளியிலை வரேல்லை."

பட்டா அவர்களுக்கு முதலே வந்து கதிர்காமத்தில் நின்றது. கனகசபாபதியர் நொண்டி நொண்டிப் போய்த் தார்ப்பாயை அவிழ்த்தார். செருப்புச் சாக்கை இழுத்து எடுத்து, வாயை வெட்டி, குழுவில் இருந்த எல்லோருக்கும் ஆளுக்கொரு சோடி கொடுத்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நடந்து முடித்து, இனி பஸ்ஸில் வீட்டுக்குப் போக இருந்தவர்கள் புதுச் செருப்போடு நின்று ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"பெரிய மனசு ஐயா" என்றார் அருட்செல்வன். அவர் அதற்குள் தன் கதிரையைக் கண்டுபிடித்து அதில் இருந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கு ஞானாம்பிகை ஒரு சட்டியில் உப்புப் போட்ட சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தார். காலைத் தூக்கி, குதியை, பெருவிரலை, உள்ளங்காலை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கொப்புளங்கள் அவருக்குத் திருப்தியாக இருந்தன.

"நடந்துதான் இருக்கிறியள்."

"நடவாமல்?"

"உகந்தை மட்டுக்கும் வாகனத்திலை போனது ஆர்?"

கனகசபாபதியர் தண்ணீரைப் பார்த்தார். அருட்செல்வனுக்கும் வீட்டில் மனைவி இருக்கிறார், அந்த மனைவியிடம் போன் இருக்கிறது என்பதை அவர் யோசிக்கத் தவறிவிட்டார். "சாமான் பாக்க ஒரு ஆள் வேணுமெல்லே" என்றார். காலைச் சட்டிக்குள் திரும்ப வைத்துக்கொண்டு, "காடு நான்தான் நடந்தனான்" என்றார். அந்தக் குரலில் வழமையான சாட்டு இல்லை. ஞானாம்பிகைக்கு அது காதில் பட்டது.

"சரி. விடுங்கோ. நேத்தி வைச்சது நான். முருகனோடை நான் கதைக்கிறன்."

வந்த வெள்ளிக்கிழமை அவர் சந்நிதிக்குப் போனார். இம்முறை தலையைக் குனியவில்லையாம். வாசலில் நின்று, உள்ளதை உள்ளபடி சொல்லி, நியாயம் கதைத்துவிட்டு, திருநீறும் தீர்ப்புமாகத் திரும்பி வந்தார். கனகசபாபதியர் காலை ஸ்ரூலில் தூக்கி வைத்துக்கொண்டு விறாந்தையில் இருந்தார்.

"காடு நடந்ததை ஏற்றுக்கொண்டாச்சு" என்றார் ஞானாம்பிகை. "மிச்சத் தூரத்துக்கு, இனி வெள்ளிக்கு வெள்ளி இஞ்சையிருந்து சந்நிதிக்கு நடக்கவேணும். கால் புண் மாறினதும் தொடங்கவேணும்."

கனகசபாபதியர் கணக்குப் பார்ப்பதுபோல முகட்டைப் பார்த்தார். வெளியில் ஒழுங்கை வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

"குடை கொண்டுபோகலாமோ எண்டு கேட்டனீரோ?"